இல்லாத தட்டு, இருக்கிற கை

போன வாரம் தென்காசியில் ஒரு பாதுகாப்பு வார விழா. தொழிற்சாலைகளில் விபத்தைத் தடுப்பது எப்படி என்று வரிசையாகப் பேசினார்கள். என்னை முன் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பத்திரிகையில் எழுதுகிறவள் இல்லையா... நல்லதாக நாலு வரி எழுதுவேன் என்று ஒரு நப்பாசை.

வெளியூரிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் நன்றாகவே பேசினார். ஸ்லைடு புரொஜெக்டர் வேறு கொண்டுவந்திருந்தார். மேல்நாட்டில் ஆபத்தான பொருளை மனிதன் தொடுவதே இல்லையாம். அறைக்குள் இயந்திரக் கை வேலை செய்யுமாம். சுவருக்கு இந்தப் பக்கம் பத்திரமாக உட்கார்ந்து ஒருவர் அதை இயக்குவாராம். அந்த இயந்திரக் கை எதையாவது தொட்டால், தொட்ட அழுத்தம் வெளியே இருக்கிறவர் கைக்கும் தெரியுமாம்.

"இதெல்லாம் நம்ம பக்கம் வர இன்னும் ஐம்பது வருஷம் ஆகும்" என்று சிரித்தார். "அதுவரை தொழிலாளர்கள்தான் கவனமா இருக்கணும். விபத்துக்கெல்லாம் மூல காரணம் என்ன? கவனக்குறைவு."

எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஐம்பது வருஷமா? ஐயா, அந்தச் சமாச்சாரம் மூன்று வருஷத்துக்கு முன்பே தென்காசிக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டுப் புறவாசலில், மாடு இல்லாத மாட்டுக்கொட்டகையில் இருந்தது. உங்களுக்குத்தான் விலாசம் தெரியவில்லை.

என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. மைக் முன்னால் நின்றால் அழுவேனா, திட்டுவேனா என்று எனக்கே நிச்சயம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் நான் திட்டினால் நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்... பழகிவிட்டீர்கள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை — நான் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். தலையில் ஹெட்போன், முன்னால் போர்டு, வாயில் 'நம்பர் ப்ளீஸ்'. வீட்டுக்காரர் கெமிஸ்ட்ரி பட்டதாரி. எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர். எனக்கு ஒரு எக்ஸ்சேஞ்ச் சோறு போடுகிறது, உங்களுக்கு ஒரு எக்ஸ்சேஞ்ச் கார்டு மட்டும் போடுகிறது என்று கேலி செய்வேன்.

கடைசியில் கிடைத்தது, கீழப்பாவூர் தாண்டி ஒரு பட்டாசு ஆபீஸில் போர்மேன் வேலை. எங்கள் பக்கம் பட்டாசு செய்கிற இடத்துக்கும் 'ஆபீஸ்' என்றுதான் பெயர். ஃபேன், மேஜை, நாற்காலி என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளிக் கட்டிய ஒற்றை அறைகள். ஒன்று வெடித்தால் அடுத்தது தப்பிக்கட்டும் என்றுதான் அந்த இடைவெளி.

அதில் ஓர் அறை, மருந்து கலக்குகிற அறை. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் எல்லாவற்றையும் அகலத் தட்டில் கொட்டிக் கையாலேயே பிசற வேண்டும். ஒரு மெஷினை வைத்துக் கலக்கக் கூடாதா? நானும் கேட்டேன். மெஷினுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாதாம். தட்டின் அடியோடு வைத்து மருந்தை ஓர் அரைப்பு அரைத்துவிட்டால் போதும், அந்த உரசலிலேயே பற்றிக்கொள்ளும். கைக்கு அடி தெரியும். அதனால் கை. இதற்குப் போய் 'மருந்து' என்று எந்தப் புண்ணியவான் பெயர் வைத்தானோ.

போர்மேன் என்றால் மேற்பார்வை பார்த்தால் போதும். இவர் தானே உள்ளே போய்க் கலந்தார். "கல்யாணம் ஆகாத பயலுவள உள்ள விட்டுட்டு நான் வெளிய வேப்பமரத்தடில நிக்கணுமாக்கும்?" என்பார். அப்படியானால் கல்யாணம் ஆனவன் சாகலாமா என்று நான் கேட்பேன். "பசிக்கி, தட்டப் போடு" என்பார். சாப்பிட உட்காரும்போது அவர் விரல்களையே பார்ப்பேன். நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் வெள்ளி மாதிரி ஒட்டியிருக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது.

அதை என் அண்ணனும் பார்த்தார்.

அண்ணன் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லெக்சரர். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருக்கிறவர். அவர்கள் பாலிடெக்னிக்கில் அப்போது ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். அதற்கு ஏ.சி. அறை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். ஆயுத பூஜை அன்று சந்தனம், குங்குமம், வாழைக்கன்று எல்லாம் உண்டு. தொட மட்டும் யாருக்கும் அனுமதி கிடையாது.

அண்ணன் பார்த்தார். மெட்ராஸ் போய் உதிரி பாகங்கள் வாங்கிவந்து, கொட்டகையில் உட்கார்ந்து தானே ஒரு சின்னக் கம்ப்யூட்டரைக் கட்டிவிட்டார். திரைக்கு எங்கள் வீட்டுப் போர்ட்டபிள் டி.வி. ஞாயிற்றுக்கிழமைப் படம் போச்சு, ஒளியும் ஒலியும் போச்சு. பக்கத்து வீட்டுக்காரிகள் என்மேல் வருத்தப்பட்டார்கள்.

அவர் திட்டம் இதுதான். கலக்குகிற அறைக்குள் ஓர் இயந்திரக் கை. கனமான சுவருக்கு இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர், அவர் பிடிப்பதற்கு ஒரு கைப்பிடி. இவர் கைப்பிடியை அசைத்தால் உள்ளே அந்தக் கை அசையும். அது தட்டின் அடியில் முட்டினால், இவர் கைப்பிடியும் முட்டி நிற்க வேண்டும்.

"இங்கிலீஷ் புஸ்தகத்துல இதுக்கு எஜமான் கை, அடிமைக் கைன்னு பேரு போட்டிருக்கான் மாப்ளே" என்றார் அண்ணன்.

வீட்டுக்காரர் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "அடிமைக் கைதான் ஏற்கெனவே ரெண்டு கெடக்கே மச்சான். எஜமான் கைய மட்டும் செஞ்சு தாங்க."

ஆனால் ஒரு சிக்கல். நிஜ மருந்தை வைத்துக்கொண்டு பழக முடியுமா? பழகி முடிப்பதற்குள் கொட்டகை இருக்காது. அதனால் முதலில் தட்டையே கம்ப்யூட்டருக்குள் வைக்கலாம் என்றார் அண்ணன். இல்லாத தட்டு. அதை இருக்கிற கை தொட வேண்டும், தொட்டது தெரியவும் வேண்டும்.

எனக்குத் தலை சுற்றியது. உங்களுக்கும் சுற்றுகிறதா? எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். ஒரு சைக்கிள் கைப்பிடி. அதன் அடியில் காயலான் கடையில் எடுத்த ஒரு மோட்டார். மோட்டாருக்கு மட்டும் தனியாக ஒரு கார் பேட்டரி. டி.வி. திரையில் தட்டு மாதிரி ஒரு வளைவு, கை மாதிரி ஒரு கோடு. கைப்பிடியை அழுத்தினால் கோடு இறங்கும். கோடு தட்டின் அடியைத் தாண்டப் பார்த்தால், எவ்வளவு தாண்டியது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, அந்த அளவுக்கு மோட்டாரை எதிர்ப்பக்கம் தள்ளச் சொல்லும். தாண்டியது கொஞ்சம் என்றால் கொஞ்சம் தள்ளும், நிறைய என்றால் நிறையத் தள்ளும். கை என்ன நினைக்கும்? இங்கே ஏதோ கெட்டியாக இருக்கிறது என்று நினைக்கும். அவ்வளவுதான் விஷயம்.

சொல்லுவதற்கு அவ்வளவுதான். முதல் நாள் நான் பிடித்துப் பார்த்தேன். தட்டில் முட்டியதும் கைப்பிடி தடதடவென்று நடுங்கி என் முழங்கை வரை உலுக்கியது. பயந்து கையை எடுத்துவிட்டேன்.

"தட்டு ஏன் இப்படி நடுங்குது?"

"அதுக்குச் சேதி பிந்தி வருதுட்டி" என்றார் அண்ணன். கம்ப்யூட்டர் பார்க்கிறது, கணக்குப் போடுகிறது, தள்ளுகிறது. அதற்குள் கை வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. விலகிவிட்ட கையைப் போய்த் தள்ளுகிறது. தள்ளியது அதிகம் என்று தெரிந்ததும் தள்ளுவதை விடுகிறது. விட்டது அதிகம் என்று மறுபடி தள்ளுகிறது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. டிரங்க் கால் போட்டுக் கொடுத்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் 'ஹலோ ஹலோ' என்று கத்தி, ஒரே நேரத்தில் மௌனமாகி, மறுபடி ஒரே நேரத்தில் கத்துவார்களே... நான் நாள் முழுக்கக் கேட்கிற கூத்துதான் அது.

பல மாதம் அதோடு மல்லுக்கட்டினார் அண்ணன். தட்டைக் கெட்டியாக வைத்தால் நடுங்கியது. இளக்கினால் இட்லி மாவு மாதிரி கை உள்ளே போனது. கடைசியில் கைப்பிடி அசையும்போதெல்லாம் ஒரு மெல்லிய இழுவையைச் சேர்த்தார், எண்ணெய்க்குள் கையை விட்டு நகர்த்துகிற மாதிரி. நடுக்கம் நின்றது.

அன்றைக்கு என் வீட்டுக்காரரைப் பிடிக்கச் சொன்னார். இவர் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக அழுத்தினார்.

"தட்டுப்படுதா மாப்ளே?"

எங்கள் ஊரில் இந்த ஒரு வார்த்தை நிறைய வேலை செய்யும். அலமாரி மேல்தட்டில் சாவியைத் துழாவினால் கைக்குத் தட்டுப்படும். சோற்றில் கல் பல்லுக்குத் தட்டுப்படும். ரொம்ப நாளாகக் காணாத ஆள் பஜாரில் கண்ணுக்குத் தட்டுப்படுவார். இல்லையோ என்று நினைத்தது, இருக்கிறேன் என்று சொல்வதற்குத்தான் அந்த வார்த்தை.

வீட்டுக்காரர் கண்ணைத் திறக்கவில்லை. "தட்டுப்படுது மச்சான்" என்றார். "அப்படியே நம்ம தட்டுதான். அடில அந்த லேசான வளைவுகூடத் தெரியுது."

நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். சந்தோஷத்தில் அழுவதைப் பார்த்தால் அண்ணன் கேலி செய்வார்.

பட்டாசு ஆபீஸ் முதலாளி ஒரு மாலை காரில் வந்தார். பெயர் சொல்ல மாட்டேன். ஊரில் மரியாதையான மனிதர். கோயில் காரியத்துக்கு முதல் ஆளாக நிற்பார், யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தோம். கைப்பிடியைப் பிடித்தார், அழுத்தினார்.

"தட்டுப்படுதா அண்ணாச்சி?" என்று கேட்டார் அண்ணன்.

"ஏ யப்பா" என்றார் முதலாளி. முகமெல்லாம் சிரிப்பு. திரும்பத் திரும்ப அழுத்தினார். காப்பி ஆறிப்போனது. "ஒண்ணுமில்லாத இடத்துல என்னமா முட்டுது சார்."

அண்ணன் இயந்திரக் கையின் வரைபடத்தை விரித்து, உள்ளே எப்படி வைப்பது, சுவர் எங்கே கட்டுவது என்று விளக்கினார். முதலாளி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். விலை கேட்கவில்லை. அப்போதே எனக்கு விளங்கியது. வாங்குகிற எண்ணம் உள்ளவன் விலை கேட்பான்.

"நல்லாத் தட்டுப்படுது சார். இல்லேன்னு சொல்லல" என்றார் எழுந்துகொண்டே. "ஆனா ஆளுக்கு ஒண்ணும் தட்டுப்பாடு இல்லையே."

நக்கலாகச் சொல்லவில்லை. உப்புக்குத் தட்டுப்பாடு இல்லை, தண்ணீருக்குத் தட்டுப்பாடு இல்லை என்பார்களே, அந்தக் குரலில் சொன்னார். அவர் பக்கத்தில் நின்ற ஆள்தான் அந்த ஆள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. என் வீட்டுக்காரர் சிரித்தார். முதலாளி சிரித்தால் சிரிக்க வேண்டும், வேறென்ன செய்வார்?

கார் வரை போனவர் திரும்பி வந்தார். "சார், அந்த முட்டுத பெட்டிய மட்டும் சீசனுக்குத் தாங்களேன். குத்தாலத்துல நம்ம மச்சினன் கடை போடுதான். ஜனங்க வந்து பிடிச்சுப் பாக்கட்டும். சீசன் முடியட்டும், கையைப் பத்திப் பேசுவோம்."

"குடுக்காதீங்கண்ணே" என்றேன் அவர் போனதும். "அவரு பேசவே மாட்டாரு."

"ஏட்டி, நாலு பேரு தொட்டுப் பாத்தாத்தானே இது வேலை செய்யுதுன்னு அவருக்கே நம்பிக்கை வரும்" என்றார் அண்ணன். படித்தவர் இல்லையா, நம்புவார். வீட்டுக்காரரும் "குடுங்க மச்சான்" என்றார். அவருக்கு வேலை அங்கே அல்லவா.

ஆக, மருந்து அறைக்குப் போக வேண்டியது குற்றாலத்துக்குப் போனது.

அந்த வருஷம் சாரல் அருமையாக இருந்தது. மெயின் அருவிக்குப் போகிற வழியில், நேந்திரங்காய் சிப்ஸுக்கும் மங்குஸ்தான் பழக்கூடைக்கும் நடுவில் கடை. வாசலில் தட்டி. அதில் தலைக்கு மேல் பல்பு எரிகிற ஒரு தகர மனிதன் படம். மைக்கில் ஒருத்தர் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தார் — "வாங்க சார், கம்ப்யூட்டரோட கை குலுக்குங்க, வாங்கம்மா!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போய்ப் பார்த்தேன். அருவியில் குளித்து, தலையில் எண்ணெய் வழிய, ஈரத் துண்டோடு வரிசை. புதுப் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக் கைப்பிடியில் வைத்து அழுத்துகிற மாப்பிள்ளைகள். தட்டில் முட்டியதும் ஒரு கீச்சல், ஒரு சிரிப்பு. திரையில் தட்டு இல்லை. அதை எடுத்துவிட்டு ஒரு பேய் முகம் வரையச் சொல்லியிருந்தார்கள். அது மட்டுமா? அண்ணன் சேர்த்திருந்த இழுவையையும் எடுக்கச் சொன்னார்களாம். "அந்தப் பழைய நடுக்கம் இருந்துதுல்லா சார், அதான் ஜனங்களுக்குப் பிடிக்கும்." பல மாதம் போராடிக் குணப்படுத்திய வியாதியை அண்ணன் ஒரே சாயங்காலத்தில் திரும்ப வரவழைத்துக் கொடுத்தார்.

ஆனாலும் மனிதருக்கு உற்சாகம் குறையவில்லை. ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வந்து கடையில் நின்றார். என்னைத் தனியே கூப்பிட்டுக் காட்டினார். "பாரு. மொத தடவ எல்லாரும் ஓங்கி முட்டுதாவ. ரெண்டு மூணு தடவ பிடிச்சா, அடிக்கு முன்னாலயே கை தானா மெதுவாயிருது. யாரும் சொல்லிக் குடுக்கல. இதவிட ஆதாரம் என்னட்டி வேணும்?"

உண்மைதான். மதுரையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் வந்தவர்களுக்கெல்லாம் மருந்து கலக்கிற பக்குவம் அந்தக் கடையில் வந்துவிட்டது. பாவம், அவர்களில் யாருக்கும் மருந்து கலக்கும் வேலை இல்லை.

சாரல் விழுந்தால் குற்றாலத்துக்குக் கூட்டம் வரும். சாரல் விழுந்தால் மருந்துக்கு ஆகாது. காற்றில் ஈரம் ஏறினால் அலுமினியம் கலந்த மருந்து அந்த ஈரத்தை இழுத்துத் தானாகவே சூடு பிடிக்கும். வீட்டுக்காரர் கெமிஸ்ட்ரி படித்தவர், அவருக்குத் தெரியாதா? "ரெண்டு நாள் கலக்க வேண்டாம் அண்ணாச்சி, வெயில் வரட்டும்" என்று சொல்லியிருக்கிறார். தீபாவளி ஆர்டர் நிற்கிறது, பார்த்து மெதுவாகக் கலக்குங்கள் என்று பதில் வந்திருக்கிறது. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் வேலை.

எனக்கும் அன்றைக்கு டியூட்டி. மத்தியானம் போர்டில் பட்டாசு ஆபீஸ் நம்பர் விழுந்தது. பிளக்கைச் சொருகி 'நம்பர் ப்ளீஸ்' என்றேன். "பெரியாஸ்பத்திரி குடும்மா, சீக்கிரம்" என்றது மேனேஜர் குரல்.

கொடுத்தேன். கொடுத்ததும் லைனை விட்டு விலக வேண்டும் என்பது விதி. என்னால் விலக முடியவில்லை.

"ஒரு கை கேஸ் வருது, ரெடியா இருங்க."

"எத்தன பேரு?"

"ஒரு ஆளுதான். போர்மேன்."

நான் கத்தவில்லை. பிளக்கைப் பிடுங்கவில்லை. அவர்கள் பேசி முடிக்கிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். நடுவில் லைன் அறுந்தால் மறுபடி போட நேரமாகுமே, அதுவரை ஆஸ்பத்திரியில் டாக்டரைத் தேட மாட்டார்களே என்றுதான் ஓடியது புத்தி.

பிறகு குற்றாலத்தில் அந்தக் கடைக்கு எதிரே இருந்த லாட்ஜுக்குப் போட்டு அண்ணனைக் கூப்பிடச் சொன்னேன். ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். காத்திருந்த நேரம் முழுக்க அந்தப் பக்கத்திலிருந்து மைக் சத்தம் என் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இருந்தது... கம்ப்யூட்டரோட கை குலுக்குங்க, வாங்கம்மா.

"என்னட்டி?" என்றார் அண்ணன்.

"அவுகளுக்குக் கை போச்சுண்ணே" என்றேன்.

அதற்கப்புறம் எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? ஜீப்பில் ஒருவர், காரில் ஒருவர். அறையை அளந்தார்கள், பூட்டினார்கள், சீல் வைத்தார்கள். ஒரு பாவமும் அறியாத வேப்பமரத்தைக்கூட வெட்டச் சொன்னார்களாம். பிந்தித் தெரிந்துகொண்டு, தெரிந்ததும் தேவைக்கு மேல் தள்ளுவது... அண்ணனின் மோட்டாருக்கு இருந்த அதே வியாதி. அதை அவர் ஓர் எண்ணெய் இழுவையில் குணப்படுத்தினார். இவர்களை யார் குணப்படுத்துவது?

விசாரணை முடிவில் என்ன சொன்னார்கள்? ஈரமான நாளில் மருந்து கலந்தது போர்மேனின் கவனக்குறைவு. கலக்கச் சொன்னது யார் என்று கேட்க யாருக்கும் கவனம் இல்லை.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆப்பிள் கொண்டுவந்தார். நிஜமாகவே கண் கலங்கினார். நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நடிப்பாக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். யோசித்துப் பார்த்தால் அவரும் தூரத்தில் உட்கார்ந்து ஒரு கையை இயக்கியவர்தான். அந்தக் கை எதில் முட்டுகிறது, எங்கே சுடுகிறது என்பது அவர் கை வரைக்கும் வந்து சேரவில்லை. வராமல் இருக்கிறவரை அவருக்கு நிம்மதி. அவர் மட்டுமா? தூரத்திலிருந்து நம்மை ஆட்டிவைக்கிற எவருக்குத்தான் இங்கே எதுவும் தட்டுப்படுகிறது?

சீசன் முடிந்தது. கையைப் பற்றி யாரும் பேசவில்லை. எந்தக் கையைப் பற்றியும்.

வீட்டுக்காரரின் வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மிஞ்சின. கட்டுப் பிரித்தபோது அந்த இரண்டும் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் தோசையைப் பிய்ப்பார், பிய்த்தது கீழே விழுவது தெரியாது. சூடான தம்ளரைப் பிடித்தபடியே பேசிக்கொண்டிருப்பார், நான் ஓடிப்போய்ப் பிடுங்குவேன். நரம்பு திரும்பினால் உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். "வருதா?" என்று நாங்கள் கேட்பதும், "வரும் வரும்" என்று அவர் சொல்வதுமாக நாட்கள் போயின.

அண்ணன் பாலிடெக்னிக் போவார், வருவார், கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். பெட்டியைக் கடைக்குக் கொடுத்தது தான்தானே என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். கொடுக்காமல் இருந்தாலும் முதலாளி அந்த இயந்திரக் கையை வாங்கியிருக்க மாட்டார் என்றேன். அது அவருக்கு ஆறுதலாகப் படவில்லை.

ஒரு காலை திடீரென்று குற்றாலம் போய், முதலாளியின் மச்சினன் வீட்டில் கிடந்த அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பேய் முகத்தை அழித்தார். தட்டைத் திரும்ப வரைந்தார். இழுவையையும் சேர்த்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, டி.வி.யை வைத்து, மோட்டாருக்கான கார் பேட்டரியைக் கீழே இறக்கி, கைப்பிடியை இவர் பக்கம் நகர்த்தினார்.

"மாப்ளே, துணி, தம்ளர் எல்லாம் லேசா படும். அதத் தெரியலேன்னு விட்டுராதீங்க" என்றார். "இது நல்லாத் தள்ளும். விரல்ல துளி உணர்ச்சி இருந்தாலும் இதுல தெரிஞ்சிரும்." இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு அவசர அவசரமாக வயர்களை மாட்டினார்.

வீட்டுக்காரர் அந்த இரண்டு விரல்களால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். பற்றியிருக்கிறோமா என்று ஒரு தடவை குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு திரையைப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

கோடு மெல்ல மெல்ல இறங்கியது. தட்டின் அடிக்கு வந்ததும் துல்லியமாக அங்கேயே நின்றது.

"தட்டுப்படுதா மாப்ளே?"

"தட்டுப்படுது மச்சான்" என்றார். "நல்லாவே தட்டுப்படுது."

அண்ணன் முகத்தை இரண்டு கையாலும் அழுந்தத் துடைத்துக்கொண்டார். விபத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். "பாத்தியாட்டி, உணர்ச்சி இருக்கு" என்றார் என்னிடம். ஆமாம், இருக்கு என்றேன்.

பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகிற சிவப்பு வயர், மாட்டப்படாமல், என் காலடியில் கிடந்தது. அண்ணன் குனிவதற்குள் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.